இரண்டாவது விமானம்

சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு கண்டம் உண்டு. சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடமாகும் வரையில் வீட்டில் எல்லோருக்கும் க்ஷேமம். இரண்டு கீதங்கள் வந்துவிட்டதும் ஆபத்து ஆரம்பமாகிறது. வர்ணத்தைக் காதால்கூடச் சரியாகக் கேட்டிராத குழந்தை, அடுத்த வெள்ளிக்கிழமையே ராகம் தானம் பல்லவி பாட வேண்டும் என்கிறது. சமையல் கற்கும் பெண் ரசம் வைத்த மறுநாள் மைசூர்ப்பாகு கிளறப் புறப்படுகிறாள். எந்த வித்தையிலும் முதற்படி சுலபமானது. சுலபமாக இருக்கும்படியே பெரியவர்கள் அதை அமைத்திருக்கிறார்கள். கடைசிப் படிக்கு வந்துவிட்டவனுக்கோ யாருடைய யோசனையும் தேவையில்லை. மனிதர்கள் கால் தவறி விழுவதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது படியிலேதான்.

ரேடியோவினால் ஓட்டப்படும் சிறு விமானங்களுக்கும் இந்த நியதி பொருந்தும் என்பதை நாம் நெய்வேலியில் கண்டோம். நேயர்களில் சிலர் இந்த விமானங்களைப் பார்த்திராமல் இருக்கலாம். தரையில் நிற்பவன் கையில் ஒரு பெட்டி. அதில் இரண்டு குச்சிகள். குச்சியை அசைத்தால், ஆகாயத்தில் பறக்கும் விமானத்தின் வாலும் இறக்கையும் அதற்கேற்ப அசைகின்றன. நடுவில் கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. 1898-ஆம் வருஷத்தில் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரத்தில் ஒரு சிறு படகை இப்படி ஓட்டிக் காட்டியபோது ஜனங்கள் அதை மாயவித்தை என்றே நினைத்தார்கள். 1937-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் இருவர் அதே வித்தையை ஆகாயத்துக்கு ஏற்றினார்கள். அவர்கள் செய்த விமானம் இன்றும் வாஷிங்டன் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. இப்போது அந்த மாயவித்தை ஒரு பள்ளிக்கூடப் பையன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நமக்கு வாய்த்த பையன் நம் தங்கையின் மகன். வயது பதினான்கு. தகப்பனாருக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. ஆகையால் குடும்ப விவகாரங்களில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அடிக்கடி நம் தலையில் வந்து விழும். ஒரு நாள் பையன் வந்தான்.

"மாமா! என் விமானம் எனக்கு இனிமேல் போதாது. அது குழந்தைகளுக்கு ஏற்பட்டது. நான் ஸ்பிட்பயர் வாங்கப் போகிறேன். 1947-ல் காஷ்மீர் யுத்தத்தில் நம்முடைய விமானப் படையே ஸ்பிட்பயர்தானே ஓட்டியது?" என்றான்.

பின்னாலேயே நம் தங்கையும் வந்து சேர்ந்தாள். "பொங்கலிலிருந்து சேர்த்த ஆறாயிரம் ரூபாய், அண்ணா! ஒரே நாளில் மண்ணில் குத்திவிட்டு வந்து நிற்பான். நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

ரூபாயைப் பற்றி அவள் கவலைப்பட்டாள். நமது கவலை வேறு. இதே ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு பையன் இருந்தான். முதல் விமானத்தை நன்றாகவே ஓட்டினான். அடுத்தாற்போல் யுத்த விமானம் ஒன்றை வாங்கி, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு பறக்கவிட்டான். அது அரை நிமிஷம் பறந்தது. நொறுங்கிய துண்டுகளை ஒரு சாக்குப் பையில் போட்டு அலமாரியின் மேல் வைத்தான். பை இன்னும் அங்கேதான் இருக்கிறது. பையன் அதன் பிறகு விமானத்தைத் தொடவேயில்லை. பணம் போனால் மறு பொங்கலுக்குள் திரும்பிவிடும். "இது நமக்கு வராது" என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் நுழைந்துவிட்டால் அதை வெளியேற்றுவது எளிதா?

ஆகையால் வழக்கை முறையாகவே விசாரித்தோம். பையன் உண்மையிலேயே முதல் விமானத்தைத் தாண்டிவிட்டானா என்பது முதல் கேள்வி.

அவனுடைய முதல் விமானம் அரைக் கிலோ எடையுள்ளது. இறக்கை உடலுக்கு மேலே, இரண்டு நுனிகளும் சற்று நிமிர்ந்தாற்போல் இருக்கும். அதற்குத் தெரிந்த வேலைகள் மூன்று: மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தல், வாலின் கிடைமடலால் ஏறி இறங்குதல், சுக்கானால் திரும்புதல். சுக்கானைத் திருப்பினால் ஒரு பக்கத்து இறக்கை முந்திக்கொள்ளும். நுனி நிமிர்ந்திருப்பதனால் அந்தப் பக்கம் மேலே எழும்பும். விமானம் தானாகவே சாய்ந்து திரும்பும். குச்சியிலிருந்து கையை எடுத்துவிட்டால் அது தானாகவே நிமிர்ந்தும்விடும். கையைப் பிடித்து நடத்திச் செல்லும் பாட்டியைப் போன்றது அது.

பாட்டியின் கையை விடலாமா என்பதற்கு நாம் நான்கு பரீக்ஷைகள் வைத்தோம். எட்டு என்ற இலக்கத்தை ஆகாயத்தில் ஒரே உயரத்தில் எழுத வேண்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தோன்றும். அப்போதும் தடுமாறாமல் திருப்ப வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, விரித்துப் போட்ட ஒரு வேஷ்டியின் அருகே இறக்க வேண்டும். இவை மூன்றையும் இளங்காற்று வீசும் போதும் செய்ய வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பையன் நான்கிலும் தேறினான். விமானம் ஒரு தடவைகூட அவனை ஆச்சரியப்படுத்தவில்லை. அவன்தான் நம்மை ஆச்சரியப்படுத்தினான். முதல் விமானம் அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. அந்த மட்டில் அவன் கட்சிக்கே ஜயம்.

அடுத்தது எது என்பது இரண்டாவது கேள்வி. வழக்கில் நான்கு அபேட்சகர்கள்.

முதலாவது ஸ்பிட்பயர். அழகில் அதற்கு நிகர் ஏது? ஆர். ஜே. மிட்செல் என்ற நிபுணர் வகுத்து, 1936 மார்ச்சு மாதத்தில் முதன்முதல் பறந்தது. நீள்வட்டமான இறக்கை நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அந்த அழகே சிறிய விமானத்தில் ஆபத்து. வேகம் குறைந்தால் குறுகிய நுனி முதலில் தாங்கும் சக்தியை இழக்கும். ஒரு பக்கம் சட்டென்று சரிந்து விமானம் தலைகீழாகும். இறங்கும் தறுவாயில் இப்படி நேர்ந்தால் நிமிர்த்துவதற்கு உயரமும் இராது, நேரமும் இராது. சக்கரங்களும் நெருங்கியிருப்பதனால் தரையில் தள்ளாடும்.

இரண்டாவது, மின்சார விசிறியை வயிற்றுக்குள் வைத்த ஜெட் விமானம். இது கண்ணோடு காதையும் மயக்கும். ஆனால் நான்கைந்து நிமிஷங்களில் பாட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும்; ஓடி எழும்புவதற்கு வழவழப்பான தரையும் கேட்கும். நெய்வேலியைச் சுற்றி அறுவடையான வயல்களும் முந்திரித் தோப்புகளும் கிடைக்கும். வழவழப்பான தரைக்கு எங்கே போவது?

மூன்றாவது, பைப்பர் கப் என்ற மஞ்சள் விமானம். இறக்கை மேலேயே இருக்கும். ஆனால் இறக்கையின் பின்விளிம்பில் ஏலரான் என்னும் மடல்கள் உண்டு. ஒரு பக்கத்து மடல் உயர்ந்தால் மறுபக்கத்தது தாழும், விமானம் சாயும். தாழ்ந்த மடல் காற்றை அதிகமாகத் தடுப்பதனால் மூக்கு எதிர்ப் பக்கம் இழுக்கப்படும். அதைச் சுக்கானால் சரிக்கட்ட வேண்டும். இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும் நல்ல குரு இது.

நான்காவது, இறக்கை தாழ்ந்த பயிற்சி விமானம். இதிலும் ஏலரான் உண்டு. கையை எடுத்தால் தானாக நிமிராது. சாய்த்தவனே நிமிர்த்த வேண்டும். பாட்டி இப்போது கையை விட்டுவிட்டாள். ஆனால் பக்கத்திலேயே நடந்து வருகிறாள். இறக்கை அகலமாகவும் நுனி குறுகாமலும் இருப்பதனால், வேகம் குறையும்போது முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் தாழும்.

இந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கண்ணை நம்பக்கூடாது. கணக்கை நம்ப வேண்டும். விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பையனையே போடச் சொன்னோம். இறக்கையைப் பத்து சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால், அவனுடைய பழைய விமானத்தில் ஒவ்வொரு துண்டும் 25 கிராம் சுமக்கிறது. 800 கிராம் எடையுள்ள பயிற்சி விமானத்தில் 40 கிராம். 1,200 கிராம் எடையுள்ள ஸ்பிட்பயரில், இறக்கைப் பரப்பு அதே அளவானால், 60 கிராம். சுமை ஏற ஏற, கீழே விழாமல் பறப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகமும் ஏறும். மூன்றுக்கும் அந்த வேகம் மணிக்குச் சுமார் 23, 29, 35 கிலோ மீட்டர். 100 மீட்டர் நீளமுள்ள வயலைப் பழைய விமானம் மிக மெதுவாகக் கடந்தால் 16 வினாடி ஆகும். ஸ்பிட்பயருக்குப் பத்து வினாடிதான். அந்த ஆறு வினாடி வித்தியாசத்துக்குள் ஒரு பிள்ளை யோசித்து, முடிவு செய்து, விரலை அசைத்தாக வேண்டும். எதன் மீதாவது மோதினாலோ, எடையும் வேகமும் சேர்ந்து அடியின் வலுவை ஐந்து மடங்குக்கு மேல் ஆக்கிவிடும். இதைக் கணக்குப் பார்த்த பிறகு பையன் சற்று நேரம் பேசவில்லை.

பறக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெய்வேலி நகரியம் மரங்கள் அடர்ந்தது; வட்டம் வட்டமாக வீடுகள்; விசாலமான சாலைகள். மைதானங்களைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அருகிலேயே சுரங்கங்கள் இருக்கின்றன. மின் நிலையங்கள் இருக்கின்றன. விமானத் தளமும் இருக்கிறது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை காவல் காக்கும் இடங்களின் மேல் எந்தப் பொருள் பறந்தாலும் அது விளையாட்டாகாது. 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி தேசத்தின் ஆகாயம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பில் மத்திய சர்க்காரின் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடாது. மஞ்சளில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோரின் அனுமதி வேண்டும். பச்சையில் 400 அடி உயரம் வரையில் தடையில்லை. இரண்டு கிலோவுக்கு உட்பட்டதைப் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவனுக்கு விமானி உரிமம் தேவையில்லை என்றும் விதி சொல்கிறது. இது சலுகை, சலுகையைப் பெற்றவன் வரைபடத்தைப் பார்க்காமல் வீட்டை விட்டுப் புறப்படலாகாது. நாம் ஊரைத் தாண்டி, பச்சைப் பகுதியில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அறுப்பு முடிந்த வயலுக்குப் போகிறோம். அதுவும் காலை ஏழு மணிக்குள். பொழுது ஏறினால் காற்று எழும்பும். அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்று எண்ணூறு கிராமை என்னதான் செய்யாது? வயலுக்கு அப்பால் முந்திரித் தோப்பு. தாழ்ந்து பரந்த அந்த மரங்கள் ஒரு விமானத்தை விழுங்கிவிட்டால், சிற்றெறும்புகளின் சம்மதம் பெற்றுத்தான் மீட்க வேண்டும்.

இத்தனையும் கேட்டுக்கொண்ட பிறகு பையன், "அப்படியானால் இங்கிலீஷ்காரர்கள் மட்டும் எப்படி ஸ்பிட்பயர் ஓட்டினார்கள்?" என்றான். நியாயமான கேள்வி. அவர்களும் நம்முடைய விமானிகளும் முதலில் டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்தில் பழகினார்கள். பிறகு ஹார்வர்டு என்ற பயிற்சி விமானம். அதற்கும் பிறகே யுத்த விமானம். அந்த ஹார்வர்டும் இறக்கை தாழ்ந்ததுதான். ரைட் சகோதரர்களும் அப்படியே. 1900, 1901, 1902 ஆகிய மூன்று வருஷங்களில் மூன்று கிளைடர்கள் செய்தார்கள். மூன்றாவதில் மட்டும் எழுநூறு தடவைக்கு மேல் மணல் மேட்டிலிருந்து சறுக்கிப் பறந்து கை பழகினார்கள். எஞ்சினைப் பூட்டிப் பறந்தது 1903 டிசம்பரில்தான்.

தூரதேசத்துக்குப் போவானேன்? பையனின் தகப்பனார் வேலை செய்யும் சுரங்கத்தையே கேட்கலாம். 1957 மே 20-ந் தேதி ஸ்ரீ ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கே நிலக்கரி வந்துவிட்டதா? ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியிருந்தது; அடியிலிருந்து பொங்கி வரும் நிலத்தடி நீரின் அழுத்தத்தை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்துக் குறைக்க வேண்டியிருந்தது. பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். மின்சாரம் பிறந்தது 1962-ல். நடுவிலிருந்த நாலு வருஷம் மண் அள்ளியவர்களை ஒருவரும் படம் பிடித்து மாட்டவில்லை. ஆயினும் அந்த மண்ணை அள்ளாமல் விளக்கு எரிந்திராது.

தீர்ப்பு, இறக்கை தாழ்ந்த பயிற்சி விமானத்துக்கே என்றாயிற்று. பையன் தலையாட்டினான், முகத்தில் மட்டும் மலர்ச்சியில்லை. "பயிற்சி விமானம்" என்ற பெயரே அவனுக்குப் பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்தியது போலும். அப்போதுதான் நமக்கு எச்.டி.-2 ஞாபகம் வந்தது.

பெங்களூரில் 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் முயற்சியால் விமானத் தொழிற்சாலை ஏற்பட்டது. சுதந்திரம் வந்த பின், டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் நம்மவர்களே வகுத்து, நம்மவர்களே கட்டிய பயிற்சி விமானம் எச்.டி.-2. 1951 ஆகஸ்டில் முதன்முதல் பறந்தது. இரண்டு பேர் உட்காரலாம், இறக்கை தாழ்ந்தது. நம் விமானப் படையின் எத்தனையோ இளைஞர்கள் அதில்தான் பறக்கக் கற்றார்கள். கானா தேசத்தின் விமானப் படைக்கும் அது போயிற்று. அதன் படத்தைப் பையனிடம் காட்டினோம். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 10.7 மீட்டருக்குச் சற்று அதிகம். "ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் ஏறக்குறைய 1.2 மீட்டர் வருகிறதே, மாமா!" என்று பையனே கணக்குப் போட்டான். இறக்கைப் பரப்பும் நாம் ஏற்கெனவே போட்ட கணக்குக்குப் பொருத்தமாகவே வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஸ்பிட்பயரின் பேச்சுக் குறைந்தது.

கடையில் கட்டி விற்பது தேவையில்லை என்றும் முடிவாயிற்று. பழைய விமானத்தின் ரேடியோப் பெட்டியே போதும்; விமானங்கள் வரும், போகும், நல்ல பெட்டி நிலைத்து நிற்கும். மோட்டார், பாட்டரி, மடல்களை அசைக்கும் சர்வோ என்ற நான்கு சின்னஞ்சிறு யந்திரங்கள் ஆகியவற்றை மட்டும் வாங்கினோம். மற்றவை எல்லாம் ஊரிலேயே கிடைத்தன. பள்ளிக்கூடக் கண்காட்சிகளுக்குப் பிள்ளைகள் வாங்கும் சன்போர்டு அட்டையில் உடலும் இறக்கையும். இறக்கைக்குள் முதுகெலும்பாக மூங்கில் சிம்பு. மடல்களை இழுக்க ஸைக்கிள் ஸ்போக்குக் கம்பி. சில பசைகள் தெர்மோகோல் வகைகளைக் கரைத்துவிடும் என்பதனால் முதலில் ஒரு துண்டில் தடவிப் பார்த்துக்கொண்டோம். சக்கரம் வைக்கவில்லை, வயலில் கையால் எறிந்து, புல்லில் வயிற்றால் இறங்குவதே உத்தமம். பாட்டரியை வைத்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தூரத்தில் இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்து, மூக்கு இலேசாகத் தாழ்ந்து நிற்கும்படி சரிப்படுத்தினோம். நம் தங்கை முதலில் தூர நின்றே பார்த்தாள். மூன்றாம் நாள் மாலை, இறக்கையில் தேசியக் கொடியின் மூவர்ண வட்டத்தை வரைந்தது அவள்தான்.

மொத்தச் செலவு ஆறாயிரத்துக்குள் அடங்கிற்று. மிஞ்சிய பணத்தில் இன்னொரு பாட்டரி.

முதல் நாள் காலை விமானம் எழும்பியது. பழைய பழக்கத்தால் பையன் திருப்பத்தில் கையை எடுத்தான். விமானம் சாய்ந்தபடியே சுற்றத் தொடங்கியது. உயரத்தில் இருந்ததனால் நிமிர்த்த அவகாசம் கிடைத்தது. பத்து நிமிஷத்தில் அவன் விரல்களுக்குப் புதிய பாடம் புரிந்துவிட்டது. நான்காம் நாள் வரப்பில் மோதி இடது இறக்கை முறிந்தது. நாம் அவன் முகத்தைப் பார்த்தோம். அலமாரி மேலிருக்கும் சாக்குப் பை நம் மனக்கண்ணில் வந்து நின்றது. பையனோ முறிந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தச் சிம்பு மெல்லிசு, மாமா. கணுவுள்ளதாகப் போட வேண்டும்" என்றான். அன்று மாலையே போட்டான். மறுநாள் காலை அது பறந்தது. தானே கட்டியதைத் தானே உடைத்துத் தானே செப்பனிட்டவனுக்கு உடைவதைப் பற்றிப் பயம் போய்விடுகிறது.

ஸ்பிட்பயர் ஆசை அவனுக்கு அடியோடு போய்விட்டதென்று சொல்ல மாட்டோம், போகவும் வேண்டாம். அடுத்த வருஷம் அது வரட்டும். அப்போது அவன் விரல்களும் அதற்குத் தயாராயிருக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டு மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வதும் ஒரு பாடம். பள்ளியிலோ கல்லூரியிலோ அந்தப் பிரிவு இருந்தால் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பணமா?" என்று கோபிக்கவும் வேண்டாம்; கேட்டதையெல்லாம் உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். இப்போது உன் கைக்கு எவ்வளவு தெரியும், பறக்கவிட இடம் எங்கே, உடைந்தால் உன்னால் செப்பனிட முடியுமா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய பிள்ளை எந்த விமானத்தைக் கேட்டாலும் கொடுக்கலாம். எச்.டி.-2 பறந்து அறுபத்தைந்து வருஷத்துக்குள், 2016-ல், அதே பெங்களூரில் எச்.டி.டி.-40 என்ற புதிய பயிற்சி விமானம் ஆகாயத்தில் ஏறியது. அதற்கும் அடுத்ததை வகுக்கப் போகிறவர்கள் இன்று எங்கேயோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் சன்போர்டு அட்டையை வெட்டிக்கொண்டிருக்கலாம். தரையெல்லாம் குப்பையாகிறதே என்று அவர்களை விரட்டிவிடாதீர்கள்.